திருகோணமலையில் கவலியர் ஸ்பானியல் வளர்க்கலாமா?

உவர்மலையில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். கனடாவில் சித்தி வீட்டில் பார்த்த கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் மேல் பத்து வயது மகளுக்கு ஆசை வந்துவிட்டதாம். கொழும்பில் ஒருவர் ஆறு கிழமைக் குட்டி ஒன்றை விற்கிறார், வெளிநாட்டு இரத்தம், சான்றிதழும் உண்டு என்கிறாராம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், மாமி மட்டும் பகலில் வீட்டில் இருப்பார். கேற்றடியில் ஏற்கெனவே ஒரு ஊர் நாய் உண்டு. இந்த இனத்தின் வரலாறு என்ன, குணம் எப்படி, நம்முடைய வெயிலைத் தாங்குமா, பராமரிப்பு கஷ்டமா என்பவை அவருடைய கேள்விகள்.

வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். மிருக வைத்தியராகக் கிழக்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் கேட்டால் அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். பகலில் நாயோடு வீட்டில் இருக்கப்போவது யார்? குட்டியின் தாய், தகப்பன் இரண்டின் இதயத்தையும் யாராவது பரிசோதித்திருக்கிறார்களா? முதலாவதற்கு உங்களிடம் மாமி இருக்கிறார், நல்லது. இரண்டாவதற்கு எழுத்தில் பதில் வரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். இந்த இரண்டும் ஏன் முக்கியம் என்பது இந்த நாயின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஐரோப்பிய அரண்மனைகளில் 16 ஆம் நூற்றாண்டிலிருந்தே சின்ன ஸ்பானியல்கள் இருந்தன. அக்கால ஓவியங்களில் சீமாட்டிகளின் மடியிலும் அரச குடும்பத்துப் பிள்ளைகளின் காலடியிலும் அவற்றைக் காணலாம். பறவை வேட்டைக்குப் போகும் பெரிய ஸ்பானியல்களுக்குச் சொந்தம்தான், ஆனால் இவற்றின் வேலை மனிதருக்குப் பக்கத்தில் இருப்பது. குளிர்காலத்தில் மடிக்குச் சூடு கொடுக்கும், ஆட்களிடம் இருக்கும் தெள்ளுகளைத் தன் பக்கம் இழுக்கும் என்றெல்லாம் சொல்லி வளர்த்தார்கள். 1587 இல் ஸ்கொட்லாந்து அரசி மேரியின் தலை வெட்டப்பட்டபோது அவருடைய உடைக்குள் ஒளிந்திருந்த ஒரு சின்ன நாயைப் பலவந்தமாகத்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது என்று பதிவு இருக்கிறது. அதை இந்தக் குடும்பத்து நாய் என்றே பலரும் கருதுகிறார்கள்.

பெயரில் இருக்கும் சார்ள்ஸ், இங்கிலாந்தை 1660 முதல் 1685 வரை ஆண்ட இரண்டாம் சார்ள்ஸ். அவர் அரியணை ஏறிய அதே 1660 இல்தான் நம்முடைய கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கம், றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கடலோடி கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார். அவர் தப்பி லண்டன் போய்ச் சேர்ந்தது 1680 இல். அப்போதும் சார்ள்ஸ்தான் மன்னர், அரண்மனை முழுக்க இந்த நாய்கள்தான். மன்னர் அலுவலைக் கவனிக்காமல் நாயோடு விளையாடிக்கொண்டிருக்கிறார் என்று கடற்படை நிர்வாகத்தில் இருந்த சாமுவேல் பெப்பீஸ் சலித்துக்கொண்டு எழுதிவைத்திருக்கிறார். இந்த நாய் எந்தப் பொது இடத்துக்குள்ளும், நாடாளுமன்றத்துக்குள்ளும்கூடப் போகலாம் என்று சார்ள்ஸ் சட்டம் போட்டார் என்ற கதையை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். அப்படி ஒரு சட்டம் ஏட்டில் கிடையாது.

பிறகு மார்ள்பரோ பிரபுக்கள் தங்கள் பிளெனிம் மாளிகையில் வெள்ளையும் செம்பழுப்பும் கலந்தவற்றை வளர்த்தார்கள். இன்றைக்கும் அந்த நிறத்துக்குப் பிளெனிம் என்றுதான் பெயர். சிலவற்றின் உச்சந்தலையில் வெள்ளைக்கு நடுவே ஒரு செம்பழுப்புப் பொட்டு இருக்கும். 1704 இல் பிளெனிம் யுத்தத்துக்குப் போன கணவனின் செய்திக்காகக் காத்திருந்த மார்ள்பரோ சீமாட்டி சாரா, சினைப்பட்டிருந்த நாயின் தலையைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாராம், பிறந்த குட்டிகளுக்கு அந்த அடையாளம் வந்ததாம். ஐதீகம்தான், ஆனாலும் அந்தப் பொட்டை வளர்ப்பவர்கள் இன்றும் விரும்பிப் பார்க்கிறார்கள். மூன்று நிறம், கறுப்பும் பழுப்பும், முழுச் சிவப்பான ரூபி ஆகியவை மற்ற நிறங்கள்.

19 ஆம் நூற்றாண்டில் சப்பை மூக்கு நாகரிகமாகிப் போனது. பக் போன்ற குட்டை மூக்கு நாய்களோடு கலந்து, நெற்றி புடைத்து, முகம் தட்டையாகிவிட்டது. அந்தத் தட்டை முகத்து நாய்தான் இன்றைய கிங் சார்ள்ஸ் ஸ்பானியல். ஓவியங்களில் இருந்த நீண்ட மூக்கு நாய் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. 1926 இல் அமெரிக்காவிலிருந்து வந்த றோஸ்வெல் எல்ட்ரிஜ் என்பவர், பழைய முக அமைப்புள்ள நாயைக் கொண்டுவருபவருக்கு 25 பவுண் பரிசு தருவதாக இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அறிவித்தார். வளர்ப்பாளர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவு காலமாகத் தாங்கள் ஒதுக்கிவந்த முகத்துக்குப் பரிசா என்ற கோபம். 1928 இல் ஆன்ஸ் சன் என்ற நாய் பரிசை வென்றது. அதே ஆண்டு ஒரு கழகம் அமைத்து, அந்த நாயையே முன்மாதிரியாக வைத்து இனத்தின் இலக்கணத்தை எழுதி, கவலியர் என்று பெயர் சேர்த்தார்கள். எல்ட்ரிஜ் அந்த ஆண்டிலேயே காலமானார். நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரித்தானியக் கெனல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது 1945 இல், அமெரிக்கக் கெனல் கிளப் ஏற்றது 1995 இல்.

பழைய முகம் திரும்பி வந்ததைப் பெரிய வெற்றியாகவே எழுதுகிறார்கள். அதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். மிகச் சில நாய்களை வைத்துத்தான் இனத்தைத் திரும்பக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில் அந்தச் சிலவும் குறைந்தன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் ஒரு நாயில் இருந்த குறை எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதில் முதன்மையானது இதயம். இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைத்திரல் வால்வு தடித்து, சரியாக மூடாமல், இரத்தம் பின்பக்கம் கசியத் தொடங்கும். எந்தச் சின்ன நாய்க்கும் முதுமையில் இது வரக்கூடும். கவலியருக்கு நடுவயதிலேயே வந்துவிடுகிறது. ஐந்து வயதில் ஏறக்குறைய பாதி நாய்களின் நெஞ்சில் அந்தக் கசிவுச் சத்தம் கேட்கும், பத்து வயதில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும். இரண்டாவது, மண்டையோட்டின் பின்பகுதி மூளைக்குப் போதிய இடம் விடாததால் முள்ளந்தண்டு நரம்புக்குள் நீர்க்குழிகள் உண்டாகும் நோய். கழுத்துப் பக்கம் ஒரு காலால் காற்றிலேயே சொறிந்துகொண்டு நடக்கும், தூக்கினால் வீரிட்டுக் கத்தும். தோல் அரிப்பு என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருப்பார்கள், ஆனால் அது நரம்பு வலி. 2023 இல் நோர்வே நாட்டின் உச்ச நீதிமன்றம், கவலியரை இப்போது இருக்கும் நிலையில் கலப்பில்லாமல் இனப்பெருக்கம் செய்வது அந்நாட்டு விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. என்னுடைய கருத்தும் அதுவே. நல்ல இதயமுள்ள வேறு இனத்தோடு கலந்து இந்த நாயைக் காப்பாற்றுவது, தூய இரத்தம் என்று சொல்லி நோயைப் பரப்புவதைவிட எவ்வளவோ மேல்.

ஆகவே கொழும்பு ஆளிடம் சான்றிதழை மட்டும் கேட்காதீர்கள். சான்றிதழ் பரம்பரையைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. தாய்க்கும் தகப்பனுக்கும் இரண்டரை வயதாவது ஆகியிருக்க வேண்டும், அப்போதும் இதயத்தில் சத்தம் இருக்கக் கூடாது, அவற்றின் தாய் தகப்பன் ஐந்து வயதிலும் சத்தமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்பது பொறுப்பான வளர்ப்பாளர்கள் கடைப்பிடிக்கும் விதி. வெளிநாட்டு இரத்தம் என்கிறாரே, அந்த வெளிநாட்டு நாயின் இதய அறிக்கை எங்கே என்று கேளுங்கள். தாய் நாயை நேரில் பாருங்கள். இன்னொன்று, நம் நாட்டில் கொக்கர் ஸ்பானியல் கலப்பைக் கிங் சார்ள்ஸ் என்று விற்பதும் நடக்கலாம். வளர்ந்த கவலியர் ஏறக்குறைய 30 முதல் 33 சென்ரிமீற்றர் உயரம், 5.4 முதல் 8.2 கிலோ. காதுகள் உயரத்தில் தொடங்கும், அவற்றுக்கு நடுவே உச்சி கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும், கண் பெரிய உருண்டைக் கண். தட்டை முகத்து மற்ற வகையைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எங்கள் ஊர்க் காற்றில் அதற்கு மூச்சு வாங்கிவிடும்.

சரி, குணத்துக்கு வருவோம். உண்மையில் இதைவிட இனிமையான நாயை நான் பார்த்ததில்லை. நூற்றாண்டுக் கணக்காக மனிதரின் அருகில் இருப்பதற்கென்றே தேர்ந்து வளர்த்த நாய் அல்லவா. குசினிக்குப் போனால் குசினிக்கு, கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு, சாமியறை வாசல் வரைக்கும் பின்னாலேயே வரும். பிள்ளைகளோடு பொறுமை, முதியவர்களோடு அமைதி. புதிதாக வருபவரையும் வாலை ஆட்டித்தான் வரவேற்கும், அதனால் காவலுக்கு ஆகாது. காவலுக்குத்தான் உங்கள் ஊர் நாய் இருக்கிறதே, அந்த மரியாதையை அதனிடமிருந்து பறிக்காதீர்கள். முதல் சில நாட்கள் இரண்டையும் வளவுக்கு வெளியே, ரோட்டில், கயிற்றில் பிடித்தபடி சந்திக்க விடுங்கள். சாப்பாட்டைத் தனித்தனியாக வையுங்கள். பழையவருக்கு முதலில் கொடுங்கள்.

இந்த அன்பின் மறுபக்கம், தனிமை அதற்கு ஒத்துவராது. காலை ஏழிலிருந்து மாலை வரை பூட்டிய வீட்டில் விட்டால் ஊளையிடும், கதவைச் சுரண்டும், சிலது சாப்பிடவே மாட்டாது. சங்கிலியில் கட்டி வெளியில் போடவே கூடாது. மாமிக்கு நாய் பிடிக்குமா என்று நீங்கள் எழுதவில்லை. முடிவு அவருடையதாக இருக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் நாய் உண்மையில் அவருடையதாகத்தான் ஆகும். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து கொஞ்சுவாள், ஆனால் பகல் முழுக்க அது படுத்திருக்கப்போவது மாமியின் கதிரைக்குக் கீழே. காலுக்குள் வந்து நிற்கும் பழக்கம் வேறு உண்டு. மாமிக்கு மூட்டு வருத்தமோ பார்வைக் குறைவோ இருந்தால் தடுக்கி விழும் ஆபத்தை யோசியுங்கள்.

வேட்டை இரத்தம் முழுதாகப் போய்விடவில்லை. காகம், வண்ணாத்துப்பூச்சி எதைக் கண்டாலும் ஓடும், வாகனத்தைப் பார்க்காது. கோட்டைப் பக்கமோ கடற்கரை ரோட்டிலோ கூட்டிப்போனால் அங்கே திரியும் புள்ளிமான்களைக் கண்டு துள்ளும். கயிற்றைக் கழற்றவே வேண்டாம். கழுத்துப்பட்டியைவிட மார்புப் பட்டி நல்லது, முன்னர் சொன்ன நரம்பு நோய் உள்ள நாய்க்குக் கழுத்தில் இழுவை வலியைக் கூட்டும்.

இனி வெயில். கவலியரின் மூக்கு தட்டையில்லை என்றாலும் மற்ற ஸ்பானியல்களோடு பார்த்தால் குட்டைதான், அதனால் மூச்சிரைத்து உடலைக் குளிரவைப்பதில் அது கொஞ்சம் பின்தங்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊர் 35 பாகையைத் தாண்டும். அந்த நாட்களில் காலை ஆறரைக்கு முன்பும் மாலை இருட்டத் தொடங்கியபின்பும் மட்டும் நடை. புறங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள், ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. டச்சுக் குடா மணலுக்கும் இதே கணக்கு. பகலில் சீமெந்துத் தரை, ஓடுகிற ஃபான், எப்போதும் தண்ணீர், இவை போதும். ஏசி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வளர்க்கலாம். தகரக் கூரை வீடு என்றால் வேண்டாம். மூச்சு இரைப்பு நிற்காமல், முரசு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. முதலில் கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி ஃபானுக்குக் கீழே விடுங்கள், பிறகு வைத்தியரிடம் ஓடுங்கள். ஈரத்துணியால் மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். மயிரை ஒட்ட வழிக்கவும் வேண்டாம், வெயில் நேரே தோலில் படும். வயிற்றுப் பக்கத்தையும் விரல்களுக்கு நடுவேயும் மட்டும் குறைத்துவிடலாம்.

உண்ணிதான் எங்கள் ஊரில் வெயிலைவிடப் பெரிய எதிரி. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வது பபேசியா, எர்லிக்கியா போன்ற கிருமிகளால் வருவது. சோர்வு, காய்ச்சல், முரசு வெளிறுதல், சிறுநீர் கறுத்துப் போதல் எல்லாம் அறிகுறி. இங்கே கவலியர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. இந்த இனத்தில் நிறைய நாய்களுக்குப் பிறவியிலேயே இரத்தச் சிறுதட்டுகள் எண்ணிக்கையில் குறைவு, பருமனில் பெரிது. அதனால் நாய்க்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இரத்தப் பரிசோதனை மெஷின் அந்தப் பெரிய தட்டுகளைச் சரியாக எண்ணாது. எர்லிக்கியாவிலும் சிறுதட்டு குறைவதால், அறிக்கையைப் பார்த்தவுடன் உண்ணிக் காய்ச்சல் என்று முடிவுகட்டி வாரக்கணக்கில் மருந்து கொடுக்கும் வாய்ப்பு அதிகம். நாய் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே ஒருமுறை இரத்தம் எடுத்து, கண்ணாடித் தட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் எண்ணச் சொல்லி, அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் காய்ச்சல் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். நாள்தோறும் மாலையில் காதின் உட்புறம், விரலிடுக்கு, பட்டிக்குக் கீழே தடவிப் பாருங்கள். உண்ணிக்கு மாத்திரை இப்போது கிடைக்கிறது, எடைக்கு ஏற்றதை வைத்தியர் சொல்வார். மாட்டுக்கு அடிக்கும் மருந்தைக் கலக்கி ஊற்றுவதை மட்டும் செய்யவே வேண்டாம். ஊர் நாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள், ஒன்றில் உண்ணி இருந்தால் மற்றதிலும் இருக்கும்.

வாடை மழையில் காது பிரச்சினை தொடங்கும். நீண்டு தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாது, ஈரம் தங்கிப் புளித்த நாற்றம் வரும். குளிப்பாட்டிய பின்னும் மழையில் நனைந்த பின்னும் துணியால் ஒற்றிக் காயவிடுங்கள், பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள். கிழமையில் மூன்று நாள் சீப்பால் வாரினால் சடை கட்டாது. கடலில் விளையாடினால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அந்த மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் தடுப்பூசி முக்கியம், அதோடு பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசிகள், ஆண்டுதோறும் விசர்நாய்க்கடி ஊசி.

சாப்பாட்டில் இதற்குப் போதும் என்பதே கிடையாது. கண்ணைப் பார்த்துக் கேட்கும், மாமி பிஸ்கட் கொடுப்பார், ஒரு வருடத்தில் பத்துக் கிலோ ஆகிவிடும். அந்தக் கூடுதல் எடை நேரே இதயத்தின் மேல் விழும். விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், அதுவே அளவு. உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த சூடை மீனோ கோழியோ, கொஞ்சம் சோறு, பூசணி என்று கலந்து கொடுக்கலாம். ஆனால் வீட்டுச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்துக் குறையும், ஆகவே வளரும் குட்டிக்கு நல்ல குட்டித் தீனியே அடிப்படையாக இருக்கட்டும். கறிச் சோறு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். கருவாடு வாசமாக இருக்கிறது என்று அது கெஞ்சும், அந்த உப்பு இதய நோயுள்ள நாயைக் கொன்றுவிடும்.

மூன்று வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறையாவது நெஞ்சைக் கேட்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்டால் எக்ஸ்ரே, இதய ஸ்கான் என்று பார்க்க வேண்டும், அதற்குப் பேராதனை மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ போக நேரலாம். பயப்பட வேண்டியதில்லை. அறிகுறி வெளிவராமல் இதயம் மட்டும் பெருத்திருக்கும் கட்டத்தில் பிமோபென்டான் என்ற மருந்தைத் தொடங்கினால் இதயச் செயலிழப்பு சராசரியாக 15 மாதங்கள் தள்ளிப்போகிறது என்று 2016 இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. வீட்டில் செய்யக்கூடியது, நாய் நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை நெஞ்சு எழுந்து தாழ்கிறது என்று எண்ணுவது. 30க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலேயே நின்றால், அல்லது இரவில் இருமினால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த எண்ணும் வேலையை மகளிடம் கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாக வரும், ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதட்டும்.

கடைசியாக அந்த ஆறு கிழமைக் குட்டி. எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. இன்னும் இரண்டு கிழமை தாயோடு விடச் சொன்னால் விற்பவர் மறுக்கிறாரா, வேறு இடம் பாருங்கள். சம்மதித்தால் அந்த இரண்டு கிழமையில் இதய அறிக்கைகளை அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் தெரிவு செய்யும் வைத்தியர் ஒருவர் குட்டியின் நெஞ்சைக் கேட்கட்டும். எல்லாம் சரியாக வந்தால் விடியப்புறம் மூன்று நான்கு மணிக்குக் கொழும்பில் வெளிக்கிட்டு, வெயில் ஏற முன்னம் ஹபரணையைத் தாண்டிவிடுங்கள். புறப்பட முன் வயிறு நிறையக் கொடுக்க வேண்டாம், வழியில் கொஞ்சம் தண்ணீர் போதும். தம்புள்ளையில் இறங்கினால் நாய்கள் திரியும் மண்ணில் குட்டியை விடாதீர்கள், ஊசிகள் முடியாத குட்டிக்குப் பார்வோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மடியில் ஒரு பழைய துவாயை விரித்து வைத்திருங்கள். தாய் படுத்த துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்தால் முதல் இரவு அழுகை குறையும்.